சென்னையிலிருந்து புனேக்கு வீட்டுச் சாமான்: யாரிடம் ஒப்படைப்பது?

ஏப்ரல் கடைசியில் மாற்றல் உத்தரவுகள் வரத் தொடங்கியதும் வாசகர்களிடமிருந்து ஒரே கேள்வி பல வடிவங்களில் வருகிறது. "புனேயில் வேலை. இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான். நான்கு பேரிடம் விசாரித்தோம், நான்கு பேரும் நான்கு விலை சொல்கிறார்கள். யாரை நம்புவது?" இந்த நான்கு விலைகளை அருகருகே எழுதி வைத்துக்கொண்டு பார்ப்பதால் தெளிவு பிறக்காது. அவை ஒரே வேலைக்குச் சொல்லப்பட்டவை அல்ல. ஒருவர் தனி லாரிக்கு விலை சொல்லியிருப்பார், இன்னொருவர் வேறு குடும்பங்களின் சாமானோடு சேர்த்து அனுப்புவதற்கு. மூன்றாமவரிடம் லாரியும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார்கள், ஒரு கைபேசி மட்டும் இருக்கும்.

விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் பெயரைவிட நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான்: உங்கள் வாசலில் ஏறும் பெட்டி அங்கே வாசலில் இறங்குவதற்குள் எத்தனை கை மாறுகிறது, அந்தக் கைகளுக்கெல்லாம் எழுத்துமூலம் பொறுப்பேற்பவர் யார். சென்னையிலிருந்து பெங்களூரு வழியாகப் புனே செல்ல தேசிய நெடுஞ்சாலை 48 ஒன்றே போதும், ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். நேராகப் போனால் இரண்டு மூன்று நாள் பயணம். இதில் சாமான் உடைவது பெரும்பாலும் ஓடும் சாலையில் அல்ல, ஏற்றி இறக்கும் இடங்களில்.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் லாரி ரசீது. இத்தொழிலில் எல்லோரும் எல்.ஆர் என்பார்கள். அனுப்புநர், பெறுநர், வண்டி எண், பெட்டிகளின் எண்ணிக்கை, அறிவித்த மதிப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். யாருடைய பெயரில் எல்.ஆர் அச்சாகியிருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் பார்வையில் உங்கள் சரக்கைச் சுமப்பவர். விலைப்பட்டியல் ஒரு பெயரிலும் எல்.ஆர் இன்னொரு பெயரிலும் வந்தால், நடுவில் ஒரு தரகர் இருக்கிறார் என்று பொருள்.

இரண்டாவது, தனி லாரியா பகிர்ந்த லாரியா என்பது. பகிர்வதை 'பார்ட் லோடு' என்கிறார்கள். உங்கள் சாமான் முதலில் ஒரு கிடங்குக்குப் போகும், அங்கே லாரி நிறையும்வரை காத்திருக்கும், சில சமயம் பெங்களூருவில் இன்னொரு வண்டிக்கு மாறும். விலை குறைவுதான். ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் உங்கள் குளிர்பதனப் பெட்டியை முன்பின் தெரியாத ஒருவர் இறக்கி ஏற்றுகிறார்.

மூன்றாவது, இழப்பு நேர்ந்தால் யார் எவ்வளவு தருவார்கள். நான்காவது, தேதியின் உறுதி. ஐந்தாவதாகத்தான் விலை. அதுவும் கடைசி ரூபாய்வரை கூட்டிய விலை: மாடிக்கூலி, குளிர்சாதனத்தைக் கழற்றி மாட்டுவது, லாரி நுழையாத தெருவுக்குச் சிறு வண்டி, புது வீடு தயாராகாவிட்டால் கிடங்கு வாடகை எல்லாம் சேர்த்து.

விலை கேட்பதற்கு முன் நீங்களே ஓர் அளவு எடுத்துவிடுங்கள். வீட்டுச் சாமானில் எடை நிறைவதற்கு முன்பே இடம் நிறைந்துவிடும், ஆகவே கன அடிதான் கணக்கு. இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், ஐந்தரை அடி உயரமுள்ள குளிர்பதனப் பெட்டி 22 கன அடி. மூன்றடிக்கு ஒன்றரை அடியில் ஆறரை அடி உயர பீரோ 29 கன அடி. 14 அடி நீள லாரி, ஆறடி அகலமும் ஆறடி உயரமும் இருந்தால், சுமார் 500 கன அடி கொள்ளும். இந்தக் கணக்கு கையில் இருந்தால், "17 அடி வண்டி இல்லாமல் முடியாது" என்பவரிடமும் "சின்ன வண்டியே போதும்" என்று ஆசை காட்டுபவரிடமும் நிதானமாகப் பேசலாம்.

வழி 1: பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனம்

சென்னையில் ஏற்றுபவர்களும் புனேயில் இறக்குபவர்களும் ஒரே நிறுவனத்தின் ஆட்கள், எல்.ஆர் அவர்கள் பெயரில், கேள்வி கேட்கப் புனேயிலும் ஓர் அலுவலகம். இதுதான் இவர்களின் பலம். மூடிய பெட்டிவண்டி இருக்கும், வடகிழக்குப் பருவமழையில் தார்ப்பாயை நம்ப வேண்டியதில்லை. அலுவலகம் செலவைத் திருப்பித் தரும் மாற்றல் என்றால், கணக்குப் பிரிவு கேட்கும் ஜி.எஸ்.டி பில், எல்.ஆர், பணம் செலுத்திய ரசீது மூன்றும் சிரமமின்றிக் கிடைக்கும்.

விலை அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பலர் கவனிக்காத விஷயம் வேறு. பெரிய நிறுவனம் என்பதாலேயே தனி லாரி வரும் என்று எண்ணிவிடக் கூடாது. அரை லாரிச் சாமான் என்றால் இவர்களும் பகிர்ந்துதான் அனுப்புவார்கள், மே, ஜூன் மாதங்களில் ஒரு வாரம் பத்து நாள் கிடங்கில் நிற்கலாம். "தனி வண்டி, வழியில் மாற்றாமல்" என்று உறுதிப்படிவத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். நிறுவனத்தின் சொந்தக் கிளையா, அதன் பெயரைப் பயன்படுத்த உரிமம் பெற்ற வேறொருவர் நடத்தும் கிளையா என்றும் கேளுங்கள். பெயர்ப்பலகையை மட்டும் வாடகைக்கு எடுத்தவரிடம் மாட்டினால், கொடுத்த அதிக விலைக்கு அர்த்தமே இல்லை.

பெயர் பெற்ற நிறுவனங்களின் பெயரோடு முன்னாலோ பின்னாலோ ஒரு சொல்லை ஒட்டிக்கொண்டு தொழில் செய்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஜி.எஸ்.டி எண் உதவும். அதில் 15 எழுத்துகள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, மகாராஷ்டிரத்துக்கு 27. அடுத்த பத்தும் அவர்களின் பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து 'C' என்றால் பதிவுபெற்ற கம்பெனி, 'P' என்றால் தனிநபர். "அகில இந்திய பிரைவேட் லிமிடெட்" என்று பலகை வைத்தவரின் எண்ணில் அந்த இடத்தில் 'P' இருந்தால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம். அரசின் ஜி.எஸ்.டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் சட்டப்பூர்வப் பெயரும் பதிவு தேதியும் கட்டணமின்றித் தெரியும்.

வழி 2: இணையத்தில் எண்ணைக் கொடுத்ததும் அழைப்பவர்கள்

மிக அதிகமான குடும்பங்கள் இந்த வழியாகத்தான் போகின்றன, மிக அதிகமான கண்ணீரும் இங்கிருந்துதான் வருகிறது. ஆகவே இது எப்படி நடக்கிறது என்பதை விரிவாகவே சொல்கிறேன்.

பட்டியல் தளத்தில் உங்கள் எண்ணைப் பதிந்ததும் அது ஒரே சமயத்தில் பலருக்கு விற்கப்படுகிறது. சில நிமிடங்களில் அழைப்புகள் குவிகின்றன. வீட்டையே பார்க்காமல் விலை சொல்கிறார்கள், அடுத்தவர் சொன்னதைவிடக் குறைத்துச் சொல்கிறார்கள். முன்பணம் வாங்கியவர் அந்த வேலையை ஒரு சுமைப்பணியாளர் குழுவுக்கும் ஒரு லாரிக்காரருக்கும் பிரித்துக் கொடுக்கிறார். தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஓட்டுநரிடம் தருகிறார், அல்லது "சாமான் இறங்கும் இடத்தில் வாங்கிக்கொள்" என்கிறார்.

புனேயில் உங்கள் புது வீட்டு வாசலில் லாரி நிற்கிறது, கதவைத் திறக்க மறுக்கிறார்கள். ஓட்டுநர் மேலும் பணம் கேட்கிறார். பல சமயம் அந்த ஓட்டுநர் கெட்டவர் அல்லர். டீசலும் சுங்கமும் கைக்காசில் போட்டுவிட்டு, வாடகை வராமல் நிற்பவர். தரகரின் கைபேசி அணைந்திருக்கும். ஓட்டுநருக்கு முன்னால் இருப்பவர் நீங்கள் மட்டும்தான்.

கூடுதல் பணம் கேட்பதற்குச் சொல்லப்படும் காரணங்களிலும் பொய்கள் உண்டு. "ஆக்ட்ராய் கட்டினோம்", "எல்லையில் நுழைவு வரி", "ஈ-வே பில் போட்டோம்" என்பார்கள். ஆக்ட்ராய், அதாவது நகர எல்லைக்குள் நுழையும் சரக்குக்கு வாங்கிய வரி, 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி வந்ததோடு போய்விட்டது. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு ஈ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி மின்சீட்டு) தேவையில்லை என்று ஜி.எஸ்.டி விதிகளே விலக்களிக்கின்றன. இந்தத் தலைப்புகளில் யார் பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். சுமந்து செல்பவர் நம்பி ஒப்படைத்த பொருளைக் கையாடினால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(3) பிரிவின் கீழ் ஏழாண்டுவரை சிறை உண்டு. அந்தப் பிரிவைச் சொல்லி அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போவதாகச் சொன்னாலே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

இந்த வழி யாருக்காவது ஏற்றதா? ஊரில் தெரிந்தவர் யாருமில்லை, நாளும் இல்லை என்பவர்கள் இதை ஒரு தொலைபேசிப் புத்தகமாக மட்டும் பயன்படுத்தலாம். அழைத்தவர்களில் வீட்டுக்கு நேரில் வந்து சாமானைப் பார்ப்பவரை மட்டும் வைத்துக்கொண்டு, அவருடைய அலுவலகத்துக்கு நீங்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். அலுவலக முகவரி சொல்லத் தயங்குபவரை விட்டுவிடுங்கள்.

வழி 3: உங்கள் ஊரின் பேக்கர் (சாமான் கட்டி அனுப்புபவர்), தனி லாரியுடன்

அம்பத்தூரிலோ மடிப்பாக்கத்திலோ பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஒரே கடையில் இருப்பவர். ஐந்தாறு ஆட்கள் அவரிடம் நிரந்தரமாக வேலை செய்கிறார்கள். ஊருக்குள் மாற்றுவதற்குச் சொந்த வண்டியும், வெளிமாநிலத்துக்கு வழக்கமாக ஓட்டும் இரண்டு மூன்று லாரி உரிமையாளர்களும் அவருக்கு உண்டு. இரண்டு படுக்கையறைக் குடும்பத்துக்கு என் முதல் தேர்வு இவர்தான். பெட்டி கட்டும்போது நீங்கள் கூடவே நிற்கலாம், உங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு அவர் வேலை செய்திருப்பார், பெயர் கெட்டால் அவருக்குப் பிழைப்பே போய்விடும்.

நம் வீட்டுச் சாமான்களைப் பற்றிய அறிவும் இவர்களிடம் அதிகம். கிரைண்டரின் கல்லைப் பாத்திரத்திலிருந்து எடுத்துத் தனியே சாக்கில் கட்டாவிட்டால் 1,200 கிலோமீட்டர் குலுங்கியதில் பாத்திரமோ கல்லோ விரிசல் விட்டுவிடும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. தஞ்சாவூர் ஓவியத்தைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வைத்து, கண்ணாடி மேல் குறுக்காக ஒட்டுநாடா ஒட்டி, இரு பக்கமும் பலகை வைத்துக் கட்டுவார்கள். பித்தளை அண்டாவுக்குள் துணியைத் திணித்து இடத்தை மிச்சப்படுத்துவார்கள். முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரத்துக்கு மட்டும் நீங்கள் நினைவூட்டுங்கள்: வாங்கியபோது பின்புறமிருந்து கழற்றிய போக்குவரத்து போல்ட்டுகளை மறுபடி மாட்டாமல் ஏற்றினால் உள்ளே டிரம் தொங்கிவிடும். குளிர்பதனப் பெட்டியை முதல் நாளே அணைத்து, உறைபனி உருகி உள்ளே காய்ந்திருக்க வேண்டும், வண்டியில் நின்ற நிலையிலேயே போக வேண்டும்.

பலவீனம் புனேயில் தெரியும். அங்கே இவருக்கு ஆட்கள் இல்லை. இறக்குவதற்கு உள்ளூர் ஆட்களை அவர் பேசிவிட வேண்டும், இல்லையென்றால் அவருடைய இரண்டு ஆட்களே லாரியோடு வர வேண்டும். இரண்டாவது ஏற்பாட்டுக்குக் கூடுதல் கூலியும் திரும்பும் பயணச் செலவும் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுங்கள். கட்டிலைக் கழற்றியவரே பூட்டுவதால் மறை ஆணிகள் தொலைவதில்லை. எல்.ஆர் யார் பெயரில் வரும் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். லாரி உரிமையாளரின் பெயரில் வருவது தவறில்லை. வண்டி எண்ணும் உரிமையாளரின் எண்ணும் ஏற்றும் முன்பே உங்களிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வழி 4: லாரியை நாமே பிடிப்பது

மாதவரம் போன்ற இடங்களில் உள்ள புக்கிங் அலுவலகங்களில் கேட்டால் திரும்பும் லாரிகள் கிடைக்கும். மகாராஷ்டிரப் பதிவெண் கொண்ட வண்டி சென்னையில் சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே திரும்புவதைவிடக் குறைந்த வாடகைக்கு உங்கள் சாமானை ஏற்றிக்கொள்ளும். பணத்தில் இதைவிட மலிவான தனி லாரி கிடையாது.

ஆனால் கட்டுவதும் ஏற்றுவதும் இறக்குவதும் உங்கள் பொறுப்பு. கட்டியதில் குறை இருந்து உடைந்தால் லாரிக்காரரைக் கேட்க முடியாது. திரும்பும் வண்டி எந்த நாளில் கிடைக்கும் என்பதும் கடைசி நேரத்தில்தான் தெரியும். கண்ணாடிச் சாமான் குறைவாக, மரச்சாமானும் புத்தகமும் அதிகமாக உள்ளவர்களுக்கு, உடன் உதவ இரண்டு பேர் உள்ளவர்களுக்கு இது ஏற்றது. வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு இதில் இறங்க வேண்டாம்.

வழி 5: ரயில் பார்சல்

தனியாகப் போகும் இளைஞர், பத்துப் பன்னிரண்டு பெட்டி, ஓர் இருசக்கர வண்டி என்றால் ரயிலே போதும். வண்டிக்குப் பெட்ரோலை முழுவதும் வடித்திருக்க வேண்டும், பதிவுச் சான்றின் நகலும் அடையாள அட்டையும் வேண்டும், சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்டியிருக்க வேண்டும். பார்சலின் மதிப்பை அறிவிக்காமல் அனுப்பினால், தொலைந்தால் ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாய் மட்டுமே. பத்துக் கிலோ பெட்டியில் மடிக்கணினி இருந்தாலும் 500 ரூபாய்தான். போய்ச் சேர்ந்ததும் உடனே எடுக்காவிட்டால் வார்ஃபேஜ் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். முழு வீட்டுக்கு இது சரிப்படாது.

ஒரே பார்வையில்

| வழி | எல்.ஆர் யார் பெயரில் | கைமாற்றம் | தேதி உறுதி | எதிர்பாராத செலவு |
|---|---|---|---|---|
| பெரிய நிறுவனம், தனி லாரி | நிறுவனம் | குறைவு | நன்று | விலையே அதிகம் |
| பெரிய நிறுவனம், பகிர்ந்த லாரி | நிறுவனம் | அதிகம் | சுமார் | காத்திருக்கும் நாட்களின் விடுதிச் செலவு |
| இணையத் தரகர் | பெரும்பாலும் வேறொருவர் | தெரியாது | இல்லை | இறக்கும் இடத்தில் கேட்கும் பணம் |
| உள்ளூர் பேக்கர், தனி லாரி | பேக்கர் அல்லது லாரி உரிமையாளர் | குறைவு | நன்று | உடன் வரும் ஆட்களின் கூலி |
| நாமே பிடிக்கும் லாரி | லாரி உரிமையாளர் | குறைவு | சுமார் | கட்டும் பொருள், ஏற்றிறக்குக் கூலி |
| ரயில் பார்சல் | ரயில்வே | அதிகம் | சுமார் | வார்ஃபேஜ், நிலையத்திலிருந்து வீட்டுக்கு வண்டி |

'இன்சூரன்ஸ்' என்று சொல்லி வாங்கும் பணம்

எந்த வழியில் போனாலும் விலைப்பட்டியலில் ஒரு வரி வரும்: மதிப்பில் மூன்று சதவீதம், இன்சூரன்ஸ். இது பெரும்பாலும் காப்பீடே அல்ல. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு "ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்கிறோம்" என்று அவர்களே சொல்லும் வாய்வாக்குத்தான். உண்மையான காப்பீடு என்றால் உரிமம் பெற்ற காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி எண், உங்கள் பெயர், இந்தப் பயணத்தின் விவரம் மூன்றும் ஏற்றுவதற்கு முன்பே உங்கள் கையில் இருக்கும். அதிலும் உட்பிரிவைப் பாருங்கள். உள்நாட்டுப் போக்குவரத்துப் பாலிசியில் 'ஏ' பிரிவு ஏறக்குறைய எல்லா ஆபத்துகளையும் தாங்கும். 'பி' பிரிவு தீ, விபத்து, கவிழ்தல் போன்று பெயர் குறிப்பிட்டவற்றை மட்டும். பீங்கான் உடைந்ததற்கு 'பி'யில் பணம் வராது. தொலைக்காட்சி வெளியே கீறலின்றி உள்ளே பழுதானால் பொதுவாக எதிலும் வராது.

காப்பீடு இல்லாவிட்டாலும் சட்டம் உங்களைக் கைவிடவில்லை. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சுமப்பவரின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் சாமானின் கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்கான கட்டணம் செலுத்தாவிட்டால், அவருடைய பொறுப்பு சரக்குக் கட்டணத்தின் பத்து மடங்கோடு நின்றுவிடும். இங்கேதான் பில்லைப் பிரித்து எழுதும் விதம் முக்கியமாகிறது. மொத்தம் 40,000 ரூபாயில் சரக்குக் கட்டணம் 30,000 என்றால் வரம்பு மூன்று லட்சம். அதே 40,000இல் பேக்கிங் 32,000, சரக்குக் கட்டணம் 8,000 என்று எழுதினால் வரம்பு 80,000. மொத்தத் தொகை மாறவில்லை, உங்கள் பாதுகாப்பு முன்பிருந்ததில் கால்வாசிக்குச் சற்றே அதிகமான அளவாகச் சுருங்கிவிட்டது. எழுதும்போதே திருத்தச் சொல்லுங்கள்.

நகை, பணம், சொத்துப் பத்திரம், சான்றிதழ்கள் ஆகியவை எந்த லாரியிலும் ஏறக் கூடாது, உங்கள் கைப்பையில் வர வேண்டும். எரிவாயு உருளையையும் ஏற்றாதீர்கள். முகவரிடம் ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்கிக்கொண்டால் புனேயில் புது இணைப்பு எளிது.

யார் எதை எடுக்கலாம்

முழுக் குடும்பம், 14 அடி லாரி நிறையும் சாமான், தேதி ஒரு நாள் முன்பின் ஆனால் பரவாயில்லை: உள்ளூர் பேக்கர், தனி லாரி, அவருடைய இரண்டு ஆட்கள் உடன் வருவது. அலுவலகம் பணம் தருகிறது, அல்லது உங்களுக்கு அருகில் நம்பகமான உள்ளூர் பேக்கர் இல்லை: பெரிய நிறுவனம், தனி லாரி என்று எழுதி வாங்கியபின். அரை லாரிச் சாமான் என்றால், பெரிய நிறுவனத்தின் பகிர்ந்த லாரிக்குக் கொடுக்கும் பணத்தை ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். பழைய சோபா, தேய்ந்த மெத்தை, ஐந்தாண்டுக்கு மேல் ஓடிய சலவை இயந்திரம் ஆகியவற்றை இங்கேயே விற்றுவிட்டு மீதியை ரயிலில் அனுப்புவது பல சமயம் மலிவாக முடியும். பாட்டியின் பீரோவை விற்கச் சொல்ல மாட்டேன், அது தனிக் கணக்கு.

பணத்தைப் பொறுத்தவரை, சாமானை ஏற்றியதும் பாதிக்கு மேல் கேட்பது இத்தொழிலில் வழக்கம்தான், டீசல் போட வேண்டுமல்லவா. முழுவதையும் கேட்டால் மறுத்துவிடுங்கள். கால்வாசியாவது இறக்கிய பின் என்று பேசி எழுதி வாங்குங்கள்.

இறக்கும் நாளில் பெட்டிகளைப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு எண்ணிய பிறகே பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடுங்கள். ஓட்டுநர் அவசரப்படுத்துவார், மாலைக்குள் அடுத்த சரக்கு இருக்கிறது என்பார். அவருக்குத் தேநீர் வாங்கிக்கொடுத்து உட்காரவையுங்கள். நசுங்கிய பெட்டி இருந்தால் அதன் எண்ணையும் நிலையையும் அவருடைய பிரதியிலேயே எழுதி, படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்குக்கு முன் இழப்பு பற்றிய எழுத்துமூல அறிவிப்பு எல்.ஆர் கொடுத்தவருக்குப் போயிருக்க வேண்டும். அதற்கான 180 நாள் கெடு, சாமான் வந்து சேர்ந்த நாளிலிருந்து அல்ல, சரக்கை அனுப்பப் பதிவு செய்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. பில்லின் அடியில் "சென்னை நீதிமன்றங்களுக்கு மட்டும் உட்பட்டது" என்று அச்சடித்திருந்தாலும் தளர வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் இப்போது வசிக்கும் புனேயின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்து பாருங்கள், சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும்.